பின்னால் கடல், முன்னால் முகம்: யன்னல் வைத்த கலையகத்தின் வெளிச்சச் சிக்கல்

காலை நிகழ்ச்சியில் அறிவிப்பாளருக்குப் பின்னால் காலி முகத்திடலும் கடலும் பளிச்சென்று தெரியும். அதே கலையகத்தை, அதே கதிரையைப் பின்னேரம் பார்த்தால் கடல் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி ஒன்று தொங்குவது போலிருக்கும். இரவில் கடலையே காணோம். கண்ணாடி முழுக்க அறிவிப்பாளரின் முதுகும் கூரை விளக்குகளும்தான். பார்ப்பவர்கள் உடனே ‘கமரா பழசு’ என்பார்கள், அல்லது ‘லைட் போடத் தெரியாதவர்கள்’ என்பார்கள்.

இரண்டுமே பெரும்பாலும் காரணமில்லை. புதுக் கமராவும் அனுபவமுள்ள ஆட்களும் இருந்தாலும் இந்தத் தொல்லை வரும். சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது: கலையகத்தில் எல்லா விளக்கையும் கூட்டலாம், குறைக்கலாம், அணைக்கலாம். யன்னலுக்கு வெளியே இருக்கும் விளக்குக்கு ஆளி கிடையாது.

இலங்கையில் ஐ.ரி.என். 1979இலும் ரூபவாஹினி 1982இலும் தொடங்கின. அந்தக் காலத்துக் கலையகம் என்றால் உலகெங்கும் பொதுவாக யன்னலில்லாத ஒரு பெட்டிதான். சத்தமும் வெயிலும் உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். யன்னல் ஆசையும் புதிதல்ல. அமெரிக்காவின் என்.பி.சி. 1952 ஜனவரியில் தொடங்கிய காலை நிகழ்ச்சியே நியூயோர்க் வீதியைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் நடந்தது. 1994இல் மறுபடியும் வீதியோரக் கண்ணாடிக் கலையகத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். கொழும்பில் இப்போது உயரமான கட்டடங்கள் பெருகி, 350 மீற்றர் தாமரைக் கோபுரமும் துறைமுக நகரமும் காட்சிக்குக் கிடைப்பதால், யன்னல் வைத்துப் படம்பிடிக்கும் ஆசை யூரியூப் நேர்காணல்காரர்கள் வரை வந்துவிட்டது.

கண் பார்ப்பதும் கமரா பதிவதும்

யன்னலோரம் இருக்கும் ஒருவரை நேரில் பார்த்தால் அவருடைய முகமும் தெரியும், பின்னால் கடலும் தெரியும். கண்மணி ஒவ்வொரு இடத்துக்கும் சுருங்கி விரிகிறது. மூளை இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்கித் தருகிறது. கமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. லென்சுக்குள் ஒளி புகும் துவாரமான ஐரிஸ் ஒரு நேரத்தில் ஒரே அளவில்தான் திறந்திருக்கும். முகத்துக்கு அளவாகத் திறந்தால் வானம் வெளுத்துப்போகும்; வானத்துக்கு அளவாக மூடினால் முகம் கறுத்துப்போகும்.

இந்த அளவை ஒளிப்பதிவாளர்கள் ‘ஸ்டொப்’ என்று சொல்வார்கள். ஒரு ஸ்டொப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு; குறைந்தால் பாதி. மூன்று ஸ்டொப் என்றால் எட்டு மடங்கு, ஐந்து என்றால் 32 மடங்கு. நல்ல கமராக்கள் 12, 14 ஸ்டொப் வரை பதியும். ஆனால் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வரும் வழக்கமான ஒளிபரப்பு ஆறேழு ஸ்டொப்பைத்தான் இயல்பாகக் காட்டும். மிச்சத்தை நசுக்கித்தான் உள்ளே அடக்க வேண்டும். அளவுக்கு மீறி நசுக்கினால் மேகம் சாம்பல் பூசிய சுவர்போல ஆகிவிடும்.

வெளிச்சத்துக்கு எண் போட்டால்

ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். ஏறத்தாழ இப்படி வரும்:

1. நேர் வெயில் அடிக்கும் நண்பகல்: 100,000 லக்ஸ்
2. மேகம் மூடிய பகல்: 10,000 முதல் 20,000
3. இடிமழைக்கு முன் இருட்டிக்கொண்டு வரும் பின்னேரம்: 1,000 முதல் 2,000
4. சூரியன் அடிவானத்தில் நிற்கும் நேரம்: 400 அளவில்
5. விளக்குப் போட்ட நகர வீதி, இரவில்: 10 முதல் 20
6. கலையகத்தில் அறிவிப்பாளரின் முகம்: 500 முதல் 1,000

முகத்தில் 1,000 லக்ஸ், வெளியே 100,000 என்றால் நூறு மடங்கு வித்தியாசம்; ஆறரை ஸ்டொப்புக்குக் கூட. முகத்தைவிட யன்னல் ஒரு ஸ்டொப் தூக்கலாக இருந்தால் பகல்போலத் தெரியும், கண்ணுக்கும் உறுத்தாது. ஆகவே நண்பகலில் வெளியை ஐந்தரை ஸ்டொப்பாவது இறக்க வேண்டும். அதே யன்னலைப் பின்னேரம் ஆறரை மணிக்கு ஒரு ஸ்டொப்பும் இறக்கக்கூடாது. இறக்கினால் வெளியே ஒன்றுமே தெரியாது.

அப்படியானால் உள்ளே விளக்கைக் கூட்டினால் என்ன? கூட்டலாம். ஆனால் முகத்தில் 10,000 லக்ஸ் அடித்தால் கண் கூசும், நெற்றி வியர்க்கும், அறிவிப்பாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செய்தி வாசிப்பார். பழைய டங்ஸ்டன் விளக்குகள் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி.க்கு இன்னொரு செலவு. எல்.ஈ.டி. வந்து சூட்டைக் குறைத்தது. கண் கூசுவது குறையவில்லை.

கொழும்பின் சூரியன்

விளக்குப் பட்டியல் எழுதுவதற்கு முன் கையில் எடுக்க வேண்டியது திசைகாட்டியும் மணிக்கூடும்.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, சூரியன் கிட்டத்தட்ட நேராக ஏறி நேராக இறங்கும். காலை ஆறு மணிக்குச் சில நூறு லக்ஸாக இருக்கும் வெளிச்சம், வானம் தெளிவாக இருந்தால் எட்டு மணிக்குள் 30,000ஐத் தாண்டிவிடும். இரண்டு மணி நேரக் காலை நிகழ்ச்சியின் முதல் நிமிடத்துக்கும் கடைசி நிமிடத்துக்கும் இடையில் ஆறு ஸ்டொப் வித்தியாசம். இரண்டு, அந்தி சட்டென்று முடிந்துவிடும். சூரியன் மறைந்து 20 நிமிடம் சொச்சத்தில் இருட்டிவிடும். ஜூன் மாதத்து இலண்டனில் அதே அந்திக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். அங்கு படம்பிடித்த அழகான நீல மாலையைப் பார்த்துவிட்டு இங்கே திட்டம் போட்டால், முதல் விளம்பர இடைவேளைக்குள் இருட்டிவிடும்.

இனித் திசை.

கடலைப் பார்த்த மேற்கு யன்னலுக்குத்தான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். காலையில் அது அருமையான யன்னல். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால், கிழக்கில் நிற்கும். கடலும் துறைமுக நகரமும் முன்பக்கமாக வெயில் வாங்கி நீலமாகத் தெரியும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அதே யன்னல் எதிரியாகிவிடும். சூரியன் சட்டகத்துக்குள்ளேயே இறங்கும். அது போதாதென்று கடல்மேல் விழுந்த வெயில் தகடுபோல மின்னும். கிழக்கு யன்னலுக்கு இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். காலை நிகழ்ச்சிக்கு மேற்கு, பின்னேர நிகழ்ச்சிக்குக் கிழக்கு என்பது தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி.

மேற்கு யன்னலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டிசம்பரில் சூரியன் மேற்கிலிருந்து 23 பாகை சொச்சம் தெற்கே விலகி மறைகிறது. ஜூனில் அதேயளவு வடக்கே. இரண்டுக்கும் இடையில் 47 பாகை. டிசம்பரில் சூரியன் படத்துக்குள் வராதபடி பார்த்துப் பார்த்துக் கமரா வைத்தவர், ஜூனில் அது அறிவிப்பாளரின் தோளுக்கு மேலே வந்து நிற்பதைக் காண்பார். நேரமும் நகரும். நவம்பரில் 5.50 அளவில் மறையும் சூரியன், ஜூலையில் 6.30 வரை நிற்கும். ஆறு மணி தொடங்கி ஆறரைக்கு முடியும் ஒரு நிகழ்ச்சி நவம்பரில் அந்தியில் தொடங்கி இருட்டில் முடிகிறது. ஜூலையில் கண்ணில் குத்தும் வெயிலில் தொடங்குகிறது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விளக்குத் திட்டம் வேண்டும்.

‘வடக்கு வெளிச்சம்தான் நிலையான வெளிச்சம்’ என்று ஐரோப்பிய ஓவியர்கள் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்கும் என்பதால் அது பொருந்தும். கொழும்பில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏப்ரல் முதற் பகுதியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே போய், செப்டெம்பர் தொடக்கத்தில்தான் திரும்பி வருகிறது. அந்த ஐந்து மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கில். ஆனாலும் பயப்படத் தேவையில்லை. ஜூன் 21இலும் நண்பகலில் அது உச்சியிலிருந்து 16.5 பாகைதான் சரிந்திருக்கும். மூன்று மீற்றர் உயரக் கண்ணாடிக்கு மேலே 90 சென்ரிமீற்றர் நீட்டிய ஒரு தாழ்வாரம் இருந்தால் அந்த வெயில் முழுவதும் வெளியே நின்றுவிடும். காலையிலும் மாலையிலும் சரிவாக வரும் வெயிலுக்குப் பக்கவாட்டில் ஒரு மறைப்பு. என் கணக்கில், நாள் முழுவதும் ஒளிபரப்பும் கலையகத்துக்குக் கொழும்பில் ஏற்ற யன்னல் வடக்கு யன்னல்தான். அதில் சூரிய அஸ்தமனம் கிடைக்காது என்பதால்தான் யாரும் கேட்பதில்லை.

மேகம் கடக்கும்போது

இடைப்பருவ மழைக்காலமான ஒக்டோபர், நவம்பரில் ஒரு பின்னேரத்தை எடுத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அறையில் கமராக்களின் ஐரிஸை ஒருவர் கையால் ஆட்டிக்கொண்டிருக்கிறார். முதலாம் கமராவில் அறிவிப்பாளரும் யன்னலும். இரண்டாம் கமராவில் விருந்தினரும் பின்னால் வெறும் சுவரும். ஒரு மேகம் சூரியனை மறைக்கிறது. முதலாம் கமராவில் கட்டடங்கள் மூன்று ஸ்டொப் இறங்கி மங்குகின்றன. கை தானாக ஐரிஸைத் திறக்கப் போகும். திறந்தால் முகம் வெளுத்துவிடும். இரண்டாம் கமராவுக்கு வெட்டினால் அங்கே எதுவுமே மாறவில்லை. ஆகவே அவர் செய்ய வேண்டியது கையை எடுத்துக்கொண்டு சும்மா இருப்பது. யன்னல் மாறலாம், முகம் மாறக்கூடாது. வெளியே மேகம் வந்தது என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். முகம் ஏன் வெளுத்தது என்று புரிந்துகொள்ள மாட்டார். தானியங்கி ஐரிஸைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

கண்ணாடியை மங்கலாக்கும் வழிகள்

1. சாம்பல் நிற ‘என்.டி.’ தாள். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். 0.3 என்றால் ஒரு ஸ்டொப், 0.6 இரண்டு, 0.9 மூன்று. மலிவு. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான்; நண்பகலுக்கு ஒட்டியது மாலைக்கு உதவாது. ஏ.சி. காற்றில் தாள் ஆடினால் கடலே ஆடுவதுபோலத் தெரியும், பொருத்து விளிம்புகளும் கோடாக விழும். இதற்காகவே விறைப்பான அக்ரிலிக் பலகைகளாகச் செய்து, தண்டவாளத்தில் இழுத்து மூடுமாறு அமைப்பார்கள்.

2. துருவமாக்கும் படலம். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். யன்னலில் ஒரு படலம், கமரா லென்சுக்கு முன் இன்னொரு பில்டர். லென்சில் உள்ளதைச் சுழற்றச் சுழற்ற வெளிக்காட்சி மட்டும் மங்கிக்கொண்டே போகும். முகத்தின் வெளிச்சம் மாறாது. ஒளிபரப்பின் நடுவிலும் செய்யலாம் என்பதால் மாறும் வெளிச்சத்துக்கு இதுவே நேரடியான பதில். விலையும் உண்டு: கமராவுக்கு வரும் மொத்த வெளிச்சத்தில் ஒரு ஸ்டொப்புக்குச் சற்றுக் கூட இந்தப் பில்டர் தின்றுவிடும்; ஒவ்வொரு கமராவையும் தனித்தனியே சுழற்றிப் பொருத்த வேண்டும்; மேசையில் இருக்கும் எல்.சி.டி. திரைகள் படத்தில் சில கோணங்களில் கறுப்பாகிவிடும், ஏனென்றால் அவற்றிலிருந்து வருவதும் துருவமான ஒளிதான்.

3. மின்சாரம் கொடுத்தால் நிறம் மாறும் கண்ணாடி. நல்லது, விலை அதிகம், மெல்லத்தான் மாறும். அந்த மேகத்தோடு போட்டிபோடாது.

நிறம்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். பழைய கலையக விளக்கு 3,200. பகல் வெயில் 5,600. மேகம் மூடிய வானம் 6,500க்கு மேல். உதயமும் அஸ்தமனமும் 3,000க்குக் கீழும் போகும். கமரா எதை வெள்ளையாகக் கொள்ள வேண்டும் என்ற அளவை முகத்துக்காக 3,200இல் வைத்தால் வெளியே எல்லாம் நீலம். கலையக விளக்குகளைப் பகல் நிறத்துக்கு மாற்றிக்கொள்வதே சுலபமான தீர்வு. நிறம் மாற்றக்கூடிய எல்.ஈ.டி. விளக்குகள் வந்தபின் இது பெரிய பாடில்லை. கட்டடக் கண்ணாடியின் பச்சைச் சாயம்தான் தொல்லை. அலுவலகக் கோபுரங்களில் வெயிலைத் தடுக்கப் போடும் அந்தக் கண்ணாடி கடலைக் குளமாக்கிவிடும். இடம் பார்க்கப் போகிறவர் ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும். யன்னல் திறக்காத கட்டடத்தில் பால்கனியாவது தேட வேண்டும்.

கறுத்த முகமும் வெள்ளை வானமும்

இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வெள்ளைத் தோல் தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவைத் திருப்பி அனுப்பும். கறுத்த தோல் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். அதாவது, அதே யன்னலுக்கு முன்னால் நம்மில் பலருடைய முகம், வெளிநாட்டு விளக்கமைப்புப் படங்களில் உள்ள முகத்தைவிட ஒரு ஸ்டொப்புக்கு மேல் கீழே நிற்கிறது. அந்தப் படங்களை அப்படியே பின்பற்றினால் முகம் இருளும். பிறகு ஒப்பனை அறையில் இரண்டு சுற்றுப் பவுடர் கூடும்.

பவுடர் பதிலல்ல. முகத்துக்கு விழும் பிரதான விளக்கைப் பெரிதாக, மென்மையாக, அருகில் கொண்டுவர வேண்டும். யன்னலை இன்னும் ஒரு ஸ்டொப் இறக்க வேண்டும். கறுத்த தோலில் பரந்த விளக்கின் மினுக்கம் கன்னத்திலும் நெற்றியிலும் அழகாக வடிவம் காட்டும். அதைப் பவுடரால் அடித்து மட்டமாக்குவதுதான் முகத்தைச் சாம்பலாகக் காட்டுகிறது.

இரவில் கண்ணாடி

சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், ஒவ்வொரு பரப்பிலும் 4 வீதம். பகலில் அது தெரியாது. இரவில், 800 லக்ஸ் வெளிச்சத்தில் இருக்கும் வெள்ளைச் சட்டையின் பிம்பம், 64 லக்ஸில் நிற்கும் சட்டைக்குச் சமம். வெளியே காலி வீதியில் இருப்பதோ 10, 20 லக்ஸ், அதுவும் கறுத்த தார்மேல். பிம்பம் வெல்கிறது.

செய்யக்கூடியவை: உள் வெளிச்சத்தை 300, 200 லக்ஸுக்கு இறக்கி, கமராவின் உணர்திறனைக் கூட்டுவது; ஒளி சிதறாமல் விளக்குகளுக்குத் தேன்கூட்டு வலை போடுவது; கமராக்களுக்குப் பின்னால் உள்ள சுவரைக் கறுப்புத் துணியால் மூடுவது; எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுள்ள கண்ணாடி போடுவது. கண்ணாடியைச் சரிப்பதும் உதவும், ஆனால் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடிகள் மேற்பக்கம் வெளியே சாய்ந்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு அதில் இருண்ட கூரைதான் பிரதிபலிக்கும். கலையகத்தில் விளக்குகள் தொங்குவதே கூரையில். ஆகவே மேற்பக்கம் உள்ளே சாய்ந்து, தரையைப் பிரதிபலிக்க வேண்டும். தரைக்குக் கறுப்பு விரிப்பு.

உப்பும் ஈரமும்

கடலோரக் கண்ணாடியில் சில நாளிலேயே உப்பு படியும். நேராகப் பார்த்தால் தெரியாது. தாழ்ந்த வெயில் அதன்மேல் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால்போல ஒளிர்ந்து, பின்னால் உள்ள காட்சியைக் கரைத்துவிடும். இருபதாம் மாடியில் வெளிப்பக்கம் துடைக்க ஆள் தொங்க வேண்டும்.

ஈரம் இன்னும் மோசம். விளக்குச் சூட்டுக்காக ஏ.சி.யை 20 பாகைக்குக் கீழே இறக்குகிறோம்; கண்ணாடி குளிர்கிறது; வெளியே கொழும்பின் அதிகாலைக் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. விளைவு, கண்ணாடியின் வெளிப்பக்கம் நீர் பூக்கும். காலை ஆறு மணி நிகழ்ச்சி தொடங்கும்போது கடல் இருக்கும் இடத்தில் வெண்புகை. உள்ளேயிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. இரட்டைக் கண்ணாடி இதைத் தடுக்கும், காலி வீதியின் ஹோர்ன் சத்தத்தையும் குறைக்கும். ஆனால் இரட்டைக் கண்ணாடிக்குப் பரப்புகள் நான்கு; இரவுப் பிம்பமும் இரண்டாகும்.

அப்படியானால் திரை போதாதா?

பல நிலையங்கள் அந்த முடிவுக்குத்தான் வந்தன. கூரையில் ஒரு கமராவை வைத்து, அதன் படத்தை எல்.ஈ.டி. சுவரில் நேரடியாகக் காட்டினால் வெளிச்சத்தை விரலால் கூட்டிக் குறைக்கலாம். பி.பி.சி.யின் இரண்டு ஒலிம்பிக் கலையகங்கள் இரு முனைகளையும் காட்டும்: 2012இல் இலண்டன் ஒலிம்பிக் பூங்காவைப் பார்த்தபடி கொள்கலன்களை அடுக்கி அதன்மேல் கண்ணாடிக் கலையகம் கட்டினார்கள், 2021இல் நடந்த தோக்கியோ போட்டிக்கு இங்கிலாந்தின் சல்ஃபோர்டிலேயே பச்சைத் திரைக்கு முன் இருந்துகொண்டு, பின்னால் தோக்கியோவைக் கணினியால் விரித்தார்கள்.

எது உண்மை யன்னல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: கமரா பக்கவாட்டில் நகரும்போது கவனியுங்கள். உண்மை யன்னலில் அருகிலுள்ள கட்டடம் தூரத்துக் கப்பலைத் தாண்டி நகரும். சாதாரணத் திரையில் எல்லாம் ஒட்டிய படமாக ஒன்றாகவே நகரும்.

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருந்து நேர்காணல் பதிவுசெய்பவருக்கும் இதே கணக்குத்தான். அவருக்கு மேலதிகமாக ஒன்று: நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கைபேசியை நொடிக்கு 30 அல்லது 60 படம் என்று வைத்தால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும். 25 அல்லது 50க்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், ஒரு முழு நாளை அந்த அறையில் கழிக்க வேண்டும். ஒருவரை யன்னலுக்கு முன் இருத்தி, அவருடைய முகத்துக்கு ஒரு விளக்குப் போட்டு, கைபேசிக் கமராவின் வெளிச்ச அளவை அந்த முகத்துக்கு ஏற்பப் பூட்டிவிட்டு, காலை 5.30 முதல் இரவு 8 வரை அரை மணிக்கு ஒரு படம். முப்பது படங்கள் வரும். அவற்றை வரிசையாக அடுக்கி, முகமும் கடலும் சேர்ந்து தெரியும் படங்களின் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டால், அந்த அறையில் எந்த நிகழ்ச்சி வைக்கலாம், எதற்குத் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஜூனில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை.